வீட்டுக்குள் வராத டி.பி.எம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ‘பி’ ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த முகத்தோடு பக்கத்துத் தெருக்காரர் வீட்டுக்கு வந்தார். கையில் பழைய முதல்வர் படம் போட்ட பை. உள்ளே, அவருடைய மூத்த மகன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி. இப்போது பாலிடெக்னிக் போகும் மகள் அதை வைத்துத்தான் காலம் தள்ளுகிறாள். “சார், கொஞ்சம் ஓ.எஸ். போட்டுக் குடுங்க. ஆன் பண்ணிட்டு டீக்கடைக்குப் போய் வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு” என்றார். ஒரே வருடத்தில் மூன்று முறை கடையில் கொடுத்து பார்மட் அடித்தாயிற்றாம். மூன்றாவது முறை மகளின் பிராஜெக்ட் பைல்கள் போய்விட்டன. அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை என்றார்.

திறந்து பார்த்தேன். விசிறியின் வாயில் பஞ்சு திணித்ததுபோலத் தூசு. சி டிரைவில் இடமே இல்லை. ஆன் செய்ததும் கூடவே எழுந்து உட்காரும் செயலிகள் பதினேழு. அவற்றில் இரண்டு ஆன்டிவைரஸ், ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு. விண்டோஸ் அப்டேட்டை யாரோ அடியோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். “கடைக்காரர்தான் நிறுத்திக் குடுத்தாரு சார், டேட்டா மிச்சம்னு” என்றார் நன்றியோடு.

இந்த மனிதர் தன் கம்பெனியில் இயந்திரப் பராமரிப்புக்காகப் பரிசு வாங்கியவர். ஹைட்ராலிக் பவர்பேக்கில் ஒரு சொட்டு எண்ணெய் கசிந்தால் போதும், டேக் எழுதி மாட்டிவிட்டுத்தான் அடுத்த ஜாபைக் கையில் எடுப்பார். ஷிப்ட் தொடங்கியதும் துடைப்பது, எண்ணெய் அளவு பார்ப்பது, தளர்ந்த போல்ட்டை முறுக்குவது, செக்ஷீட்டில் டிக் போடுவது என்று எல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். ஒரு பிரேக்டவுன் வந்தால் ‘ஏன், ஏன்’ என்று ஐந்து முறை கேட்டு வேரைத் தோண்டுவார். அதே ஆள் வீட்டில் இருக்கும் இயந்திரம் மெதுவாக ஓடினால் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்பதில்லை. பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். நானும் இதே மறைமலை நகரில் இருபது வருடத்துக்கு மேல் மெயின்டெனன்ஸ் பிரிவில் குப்பை கொட்டியவன் என்பதால், இந்த முரண் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்துகிறது.

சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை, கம்பெனி பஸ் ஏறி இறங்கும் யாரிடமாவது டி.பி.எம். என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். கடகடவென்று ஒப்பிப்பார்கள். ஜப்பானில் பிறந்த பராமரிப்பு முறை அது. 1971-ல் டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த நிப்பொண்டென்சோவில் முழு உருவம் பெற்றது. அதன் உயிர்நாடி ஒரே ஒரு கருத்து: இயந்திரத்தை ஓட்டுபவனே அதன் முதல் பராமரிப்பாளன். மெக்கானிக் வருவதற்கு முன்பே அதன் சத்தம், சூடு, அதிர்வு மாறுவது அவனுக்குத் தெரிய வேண்டும். சென்னை சுந்தரம் கிளேட்டன் 1998-ல் இந்தியாவிலேயே முதலாவதாக டெமிங் பரிசு வாங்கிய காலத்தில் இருந்து இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் தரமும் பராமரிப்பும் கிட்டத்தட்ட ஒரு மதமாகவே ஆகிவிட்டன.

கணினிக்குள்ளும் இன்னொரு டி.பி.எம். இருக்கிறது. தாய்ப்பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது பிராசஸருக்குள்ளேயே அடங்கியிருக்கும் ஒரு சின்னப் பாதுகாப்புப் பெட்டகம். ரகசியச் சாவிகளைப் பூட்டிவைப்பதும், கணினி எழும்போது வேறு யாராவது உள்ளே நுழைந்திருக்கிறார்களா என்று பார்க்க உதவுவதும் அதன் வேலை. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது, இந்தப் பெட்டகத்தின் இரண்டாம் பதிப்பு இல்லாத கணினிக்கு இடமில்லை என்றது மைக்ரோசாஃப்ட். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களும் வெளியே நிறுத்தப்பட்டன. அதற்குப் பிறகு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பராமரிப்பும் நின்றது. வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு கொடுத்தார்கள், ஆனால் அதற்கென்று தனியாகப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. பதியாத கணினி அடுத்த நாளும் ஓடும், அடுத்த வருடமும் ஓடும். எண்ணெய் மாற்றாத கியர்பாக்ஸும் ஓடத்தானே செய்கிறது.

அப்டேட் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் அமெரிக்கா வரை போக வேண்டாம், ஒரகடம் வரை போனால் போதும். 2017 மே 12, வெள்ளிக்கிழமை. வானாகிரை என்ற பிணைத்தொகை வைரஸ் உலகத்தைச் சுற்றத் தொடங்கியது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, 300 டாலரைப் பிட்காயினில் கொடுத்தால்தான் சாவி என்று திரையில் எழுதிக் காட்டியது. 150 நாடுகள், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள். பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. பிரான்சில் ரெனோ ஆலைகளும் இங்கிலாந்தின் சன்டர்லேண்டில் நிசான் ஆலையும் தடுமாறின. மறுநாள் செய்தி நம் வாசலுக்கே வந்தது: ஒரகடத்தில் உள்ள ரெனோ நிசான் ஆலையும் பாதிப்பில் சிக்கியிருந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று வெளியிட்டுவிட்டது என்பதுதான் இந்தக் கதையில் வயிற்றெரிச்சலான பகுதி. பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. புதிய கருவி எதுவும் வாங்கத் தேவை இருக்கவில்லை. போட வேண்டியதைப் போட்டு, ஒருமுறை அணைத்து எழுப்பியிருந்தால் போதும்.

ஆலைகள் அதற்குப் பிறகு பாடம் கற்றுக்கொண்டன. பென்டிரைவ் செருகும் இடத்துக்கு மூடி வந்தது, அப்டேட்டுக்கென்று நாள் குறித்தார்கள். அந்த ஆலைகளில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளுக்கு மட்டும் அந்தப் பாடம் போய்ச் சேரவில்லை.

அவர்கள் மேலேயும் முழுப் பழியைப் போட முடியாது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம், அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கையில் கணினியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வேறெந்த மாநிலமும் இந்த அளவில் செய்து நான் பார்த்ததில்லை. நம் தெருக்களில் முதல் கணினி வந்த வீடுகளில் பாதி, அரசு முத்திரை பதித்த மூடியோடு வந்த கணினியால்தான் அந்தப் பெருமையைப் பெற்றன. அதில் ஒரு சுவாரசியம் உண்டு. ஆன் செய்ததும் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய இந்திய இயங்குதளம். கீழ்நோக்கிய அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டினால் போதும், இன்னொரு உலகத்துக்குள் போயிருக்கலாம். எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் அந்த அம்புக்குறியைத் தட்டியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். சில வீடுகளில் முதல் வேலையாகக் கடையில் கொடுத்து “அந்த இன்னொண்ண எடுத்துடுங்க, இடத்த அடைக்குது” என்று சொல்லி அழித்தார்கள்.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. இத்தனைக்கும் 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் தலைமையில் இருந்தபோது, அலுவலகக் கணினிகளையே சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். அன்று பத்திரிகைகள் எழுதின, கருத்தரங்குகள் நடந்தன. ஒரு அதிகாரியின் ஆர்வம் அவருடைய இருக்கையோடு சேர்ந்து நகர்ந்துவிடும் என்பது நம் ஊர் வழக்கம். பிளஸ் ஒன் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோஸோடு உபுண்டுவும் இருக்கிறது. கோப்புறை உருவாக்குவது, பெயர் மாற்றுவது, குப்பைத்தொட்டியில் இருந்து மீட்பது எல்லாம் படங்களோடு உண்டு. மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கலாம். ஒரு கணினியைக் கழற்றி, துடைத்து, மறுபடி ஓ.எஸ். போட்டு எழுப்பிய அனுபவம் எத்தனை பேருக்குக் கிடைத்தது?

அந்த வெற்றிடத்தில்தான் பார்மட் கலாச்சாரம் வளர்ந்தது. கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? ஐந்நூறு ரூபாய் வேலைக்கு அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கோளாறின் வேரைத் தேட முடியாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது இருபது நிமிட வேலை. தலைவலிக்குத் தலையை மாற்றுகிற வைத்தியம் இது. கூடவே வருவது, திருட்டு விண்டோஸை ‘ஆக்டிவேட்’ செய்யும் ஒரு குட்டி மென்பொருள். அது வேலை செய்ய வேண்டுமென்றால் முதலில் ஆன்டிவைரஸை அணைக்க வேண்டும் என்பார்கள். வீட்டுக்குள் வருகிறவன் முதலில் நாயைக் கட்டச் சொல்கிறான் என்றால் அவன் எதற்கு வருகிறான் என்று யோசிக்க வேண்டாமா? வங்கிக் கணக்கு, பி.எஃப். கணக்கு, பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் அந்தக் கணினியில்தான் நடக்கின்றன.

பராமரிப்பு என்றால் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. மகளையும் வரச் சொல்லி, அந்த மடிக்கணினியை அன்று நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். நான் கையை வைக்கவில்லை, அந்தப் பெண்தான் வைத்தாள். பேட்டரியைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, பெயின்ட் பிரஷ்ஷால் தூசு தட்டினாள். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊதச் சொன்னேன், சும்மா சுழலவிட்டால் அதன் பேரிங் கெடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து கூடவே எழும் செயலிகளைப் பார்த்தோம். பதினேழில் பன்னிரண்டு யாருக்கும் தேவைப்படாதவை. ஒரு ஆன்டிவைரஸுக்கு விடை கொடுத்தோம். வட்டின் உடல்நிலையைச் சொல்லும் கருவியை ஓடவிட்டபோது உண்மை தெரிந்தது: பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது. மூன்று பார்மட்டும் ஏன் பலன் தரவில்லை என்பதற்கு ஐந்தாவது ‘ஏன்’ வரை போகவே வேண்டியிருக்கவில்லை. அப்பா மெதுவாகச் சொன்னார், “பேரிங் போன ஸ்பிண்டிலுக்குப் பெயின்ட் அடிச்ச மாதிரி.”

டிஸ்க் மாற்றி எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு நான் வற்புறுத்தியது இரண்டு விஷயங்களை மட்டும். தினசரி வேலைக்கு அட்மின் அதிகாரம் இல்லாத ஒரு கணக்கு. கம்பெனியில் எலெக்ட்ரிகல் பேனலின் சாவி ஆபரேட்டர் கையில் இருக்காது, வேலைக்கு அனுமதிச் சீட்டு வாங்கி, பூட்டுப் போட்டு, டேக் மாட்டித்தான் திறப்பார்கள். லினக்ஸில் ‘சூடோ’ என்று தட்டினால் கடவுச்சொல் கேட்பதும் அதே அனுமதிச் சீட்டுதான். எல்லா வேலையையும் அட்மினாகவே செய்வது பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு கூட்டிப் பெருக்குவதைப் போன்றது. இரண்டாவது, பேக்கப். கணினியில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே எங்காவது ஒன்று. வெளி டிஸ்க்கை எந்நேரமும் செருகியே வைத்திருந்தால் வைரஸ் வரும்போது அதுவும் சேர்ந்துதான் பூட்டப்படும். புதிதாக விண்டோஸ் 11 கணினி வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை சேர்த்துச் சொல்கிறேன். பல கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கைக் கடைக்காரப் பையன் தன் மின்னஞ்சலில் தொடங்கிக் கொடுத்திருந்தால், நாளைக்கு உங்கள் வீட்டுச் சாவி அவனிடம்தான்.

அந்தக் கணினிக்கு விண்டோஸ் 11 வராது. எனவே லினக்ஸ் மின்ட் போட்டோம், இலகுவான எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு. இதில் எனக்குப் பிடித்தது, போடுவதற்கு முன்பே பென்டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது. வைஃபை வருகிறதா, சவுண்ட் வருகிறதா, தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் பென்டிரைவைப் பிடுங்கிவிடலாம், டிஸ்க்கில் ஒரு கீறல் விழாது. எந்த இயந்திரத்தை வாங்குவதற்கு முன் இப்படி ஒரு ட்ரையல் கொடுக்கிறார்கள்? மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. டைம்ஷிஃப்ட் என்ற கருவி அவ்வப்போது நிலையைப் படம்பிடித்து வைக்கும். ஏதாவது கெட்டால் நேற்றைக்குத் திரும்பிவிடலாம்.

லினக்ஸ் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சத்தியம் செய்யும் நண்பர்கள் எனக்கு உண்டு. நான் அந்தக் கட்சியில் உறுப்பினன் இல்லை. டேலியில் கணக்கு எழுதுபவருக்கும், பழைய எழுத்துருக்களில் பக்கம் கட்டும் அச்சகக்காரருக்கும், மேக்ரோக்கள் நிறைந்த எக்செல் கோப்பைக் கம்பெனியில் இருந்து கொண்டுவரும் சூப்பர்வைசருக்கும் அது தலைவலிதான். மலிவான சில பிரின்டர்கள் அதோடு பேசவே மறுக்கும். விண்டோஸிலேயே இருங்கள், அதை ஒழுங்காகப் பராமரித்துக்கொண்டு இருங்கள் என்பதும் முழுக்க நியாயமான அறிவுரை. அப்டேட்டும் சாமியல்ல. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு அப்டேட், 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் உட்கார வைத்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு வைத்தியம் என்ன தெரியுமா? சேஃப் மோடில் எழுப்பி, ஒரே ஒரு கோப்பை அழிப்பது. தெரிந்தவருக்கு ஐந்து நிமிடம்.

சொல்லிக்கொடுப்பது யார் வேலை என்ற கேள்வி இருக்கிறது. கேரளத்தில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அரசுப் பள்ளிகள் லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன. கைட் என்ற அரசு நிறுவனம் பள்ளிகளுக்கென்றே ஒரு இயங்குதளத்தைத் தொகுத்துத் தருகிறது. 2018 முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்கள் நடக்கின்றன. நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-ல் தொடங்கியது. விழுப்புரத்தில் ஒரு குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கற்றுக்கொடுக்கிறது. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ், லினக்ஸ் முதல் நிரலாக்கம் வரை எளிய தமிழில் எழுதி இலவசமாகவே வைத்திருக்கிறது. எல்லாம் தன்னார்வலர்களின் முதுகில் நிற்பவை. தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவரின் பெயரைத் தாங்கிய ஊரில் ‘இயங்குதளம்’ என்று சொன்னால் ரயில்வே பிளாட்பாரமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு முழுப் புத்தகமே இந்தத் தன்னார்வலர்கள் எழுதிவிட்டார்கள்.

2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு அரசு மறுபடி மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம். கையில் கொடுக்கும் அன்றே அரை நாள் உட்காரவைத்து, பேக்கப் எடுப்பது, சாதாரணக் கணக்கு உருவாக்குவது, மீட்புச் சாவியை எழுதிவைப்பது, பென்டிரைவில் இருந்து எழுப்புவது என நான்கை மட்டும் செய்து காட்டச் சொல்லலாம். ஐ.டி.ஐ.களில் ‘கோபா’ என்ற கணினிப் படிப்பில் இயங்குதளம் போடுவது பாடத்திலேயே இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் மாதம் ஒரு சனிக்கிழமை நகராட்சிப் பள்ளியிலோ நூலகத்திலோ மேசை போட்டு உட்கார்ந்தால், பரண் மேல் பேட்டரி உப்பிக் கிடக்கும் எத்தனையோ மடிக்கணினிகள் கீழே இறங்கும். இங்குள்ள கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதியில் நிழற்குடை கட்டுகின்றன, மரக்கன்று நடுகின்றன. தங்கள் பராமரிப்புப் பயிற்சியாளர்களில் ஒருவரை மாதம் இரண்டு மணி நேரம் அனுப்ப அவ்வளவுகூடச் செலவாகாது. இங்குள்ள ஃபோர்டு ஆலை 2022-ல் கடைசிக் காரை வெளியே விட்டபோது இந்த ஊர் ஒன்றைப் பார்த்தது: நாற்பது வயது தாண்டிய தேர்ந்த ஆபரேட்டர்கள் வேலை தேடிப் போன இடத்திலெல்லாம் முதலில் கேட்கப்பட்டது ‘சிஸ்டம் தெரியுமா?’. அதே இடத்தில் ரூ.3,250 கோடியில் என்ஜின் தயாரிப்பு, 2029-ல் தொடக்கம் என்று 2025-ல் அறிவிப்பு வந்தது. அந்தக் கேள்வியும் கூடவே திரும்பி வரும்.

இரண்டு வாரம் கழித்துப் பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தேன். மடிக்கணினி அரை நிமிடத்தில் எழுந்தது. படிக்கும் மேசைக்கு மேலே சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அப்பா கொண்டுவந்த கம்பெனி செக்ஷீட் மாதிரியைப் பார்த்து மகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறாள்: அப்டேட், பேக்கப், டிஸ்க் இடம், தூசு. வாரவாரம் ஞாயிற்றுக்கிழமை டிக் போட ஒரு கட்டம். மூலையில் ‘சரிபார்த்தவர்’ என்று அப்பாவின் கையெழுத்துக்கும் இடம் விட்டிருந்தாள். உற்றுப் பார்த்தேன். இன்னும் வராத இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் சேர்த்து டிக் விழுந்திருந்தது, கீழே அப்பாவின் கையெழுத்தும்.